செருப்பைக் கையில் எடுத்த பிறகு

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், வல்லிபுரக் கோவிலிலிருந்து மணற்காடு என்ற கடலோரக் கிராமத்துக்குத் தெருவால் போகலாம். நான் பனங்கூடலுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையால்தான் போனேன். (பிடிவாதம் என்று வீட்டில் சொல்வார்கள், சரிதான்.)

முதலில் கொஞ்சத் தூரம் பூவரசங் கதியால் வேலி. பிறகு வேலியும் இல்லை, வடலிகள், அதாவது இளம் பனைகள் மட்டும். மணல் ஏறியதும் செருப்பு கைக்கு வந்துவிட்டது. இந்தப் பாதைக்கு நிரந்தரம் கிடையாது. சோளகக் காற்று ஒரு பக்கம் மணலைக் குவிக்கும், வாடை வந்து மறுபக்கம் தள்ளும். போன வருடம் நடந்த தடத்தைத் தேடினால் அங்கே ஒரு மேடு நிற்கும். காற்று செய்வது போதாதென்று மணல் அள்ளிய டிராக்டர் தடங்கள் வேறு. அதைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

சவுக்கங்காட்டுக்குள் நுழைந்தால் இரைவது காற்றா கடலா என்று பிரிக்க முடியாது. விறகுக் கட்டோடு எதிரே வந்த ஆச்சி, "எங்கே பிள்ளை இந்த வெயிலுக்குள்?" என்று கேட்டார்.

"பழைய அந்தோனியார் கோவிலுக்கு, ஆச்சி."

"கூரை இல்லாத கோவிலுக்கா? அங்கே நிழலும் இல்லையே!"

உண்மைதான். இடிந்த சுவர்கள் மணலுக்குள் அரைவாசி புதைந்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த கரை இது. ஆச்சியிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

திரும்பும்போது என் காலடிகளைத் தேடினேன். பாதி தூர்ந்துவிட்டிருந்தது. குதிக்காலில் ஒரு நெருஞ்சி முள். அதை எடுத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.