நடுத்திட்டில் எழுந்து நடந்த சிறுவன்

வேலை அமையவில்லை, வரன் தகையவில்லை, கடன் அடைபடவில்லை என்று ஒருவர் முடங்கிக் கிடந்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, "மாதாவுக்கு நேர்ந்துக்கோ, வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வா" என்பதுதான். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஊரே திரண்டு போகும். ஆனால் மனம் உடைந்திருப்பவருக்குத் திருவிழா நாள் ஏற்றதல்ல. பீடத்தின் முன் கண்ணை மூடுவதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்கள். சனி, ஞாயிறையும் விட்டு, சாதாரண வார நாளில் போங்கள்.

காவி உடுத்தி நடந்து போவதாக நேர்ந்திருந்தால், விடியுமுன் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் ஒதுங்கிவிட வேண்டும். பழகிய செருப்புதான் நல்லது, புதிது கடித்துவிடும். கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள், அழுக்கு இறங்கிப் புண்ணாகி நடையே நின்றுவிடும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சாலையின் வலப்பக்கமாக நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்.

ஊருக்குள் கால் வைத்ததுமே "ரூம் வேணுமா, மெழுகுவர்த்தி வாங்கிட்டுப் போங்க" என்று சூழ்ந்துகொள்வார்கள். அழுதுகொண்டு வருகிறவர்களைக்கூட விடுவதில்லை, அதுதான் வேதனை. பேசாமல் நடந்து, திருத்தல அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.

மாதா குளத்து மணல் பாதையில் முழங்காலில் போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போகட்டும். உச்சி வெயிலில் மணல் தோலைப் பொசுக்கும். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகாவிட்டால் முட்டியில் சிக்கி இழுக்கும். மூட்டு வலிக்காரர்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பங்குச் சாமியாரிடம் சொன்னால் நேர்ச்சையை வேறு பக்தி முயற்சியாக மாற்றித் தருவார். திருச்சபைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

எங்கே அவசரப்பட்டாலும் நடுத்திட்டில் அவசரப்படாதீர்கள். கால் விளங்காத மோர்க்காரச் சிறுவனுக்கு அன்னை காட்சி கொடுத்த இடம் அது. குழந்தை இயேசுவுக்கு மோர் கேட்டு வாங்கினாள் தாய். பிறகு நாகப்பட்டினம் போய் அங்கிருக்கும் ஒரு கிறிஸ்தவரிடம் தனக்கு ஒரு கோயில் கட்டச் சொல் என்றாள். நடக்க முடியாத பிள்ளையிடம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வேலை! தன் கால் சரியாகிவிட்டது அவனுக்கே தெரியாது. எழுந்து நட என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஓடினான். 38 ஆண்டுகள் நோயுற்று, எருசலேமில் ஒரு குளத்தோரம் கிடந்தவரிடம் அவள் மகன் இயேசு சொன்னதும் இதையேதான்: எழுந்து, படுக்கையை எடுத்துக்கொண்டு நட. பைபிளில் யோவான் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தை அங்கே உட்கார்ந்து மெதுவாகப் படியுங்கள். முடங்கிக் கிடப்பவரைத் தாயும் மகனும் திட்டவில்லை, ஏன் இத்தனை நாள் என்று கணக்குக் கேட்கவில்லை. காலைக் கொடுத்து, செய்ய ஒரு காரியத்தையும் கொடுத்தார்கள்.

அதனால் விண்ணப்பத்தை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, நற்கருணை வாங்கியபின், "நான் எங்கே போய் யாரிடம் பேச வேண்டும் தாயே?" என்று கேளுங்கள். பேசாமல் விட்ட அண்ணனாக இருக்கலாம், தள்ளிப்போட்ட விண்ணப்பப் படிவமாக இருக்கலாம், தூக்கமே இல்லையென்றால் ஒரு மருத்துவராகவும் இருக்கலாம். மனதில் படுவதை ஊர் திரும்பிய மறுநாளே செய்யுங்கள்.

ஆரோக்கிய அன்னையே, எத்தனை பேரைக் கைதூக்கி விட்டிருக்கிறாய்! புயலில் தத்தளித்த போர்த்துகீசிய மாலுமிகளைக் கரை சேர்த்தாய், 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களையும் மடியில் ஏந்தினாய். உனக்கு நன்றி தாயே, கோடி நன்றி. மரியே வாழ்க!