கொம்பு ஓடிப்போச்சு

2 அக்டோபர் 2025, வியாழன்

விஜயதசமி. மூணு வயசிலேயே செய்திருக்க வேண்டியது, போன வருஷம் பாப்பாவுக்கு அம்மை போட்டிருந்ததால் தள்ளிப்போனது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மடியில் வைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தார் என் அம்மா.

அரிசியில் வந்த 'அ' சாயங்காலம் நோட்டில் வரவில்லை. சுழி முட்டை மாதிரி பெருத்து வரியைத் தாண்டுகிறது. பென்சிலை அஞ்சு விரலாலும் இறுக்கிப் பிடிக்கிறாள், நகம் வெளுத்துப்போகிறது.

5 அக்டோபர், ஞாயிறு

அம்மா நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சிலேட்டும் பல்பமும் வந்தாச்சு. இருபத்தாறு வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்தவர், நான் குறுக்கே பேசவில்லை.

"அ-வுல ஆரம்பிக்காதடா. ட எழுதட்டும்."

கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. 'ட' முடிந்தது. அதிலிருந்தே இன்னொரு கோட்டை மேலே தூக்கினால் 'ப'. பாப்பா பத்து நிமிஷத்தில் சிலேட்டு நிறைய எழுதிவிட்டாள்.

11 அக்டோபர், சனி

'ம' வந்துவிட்டது. புள்ளி வைத்தால் வாயை மூடணும் என்று அப்பத்தா சொல்ல, 'ம்' எழுதும்போதெல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறாள். முதல் வார்த்தை: படம்.

18 அக்டோபர், சனி

தீபாவளி வேலை. எழுதவில்லை. முறுக்கு மாவில் 'ட' செய்தாள், அதையும் எண்ணெயில் போட்டோம்.

2 நவம்பர், ஞாயிறு

இன்று அவளை அழவைத்துவிட்டேன். 'பெட்டி' எழுதச் சொன்னால் முதலில் 'ப', அதற்கு வலப்பக்கம் கொம்பு. மூணு தடவை அழித்தேன். நாலாவது தடவை சத்தம் போட்டேன். பல்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்பத்தாவிடம் ஓடினாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: ப், எ. முதலில் உதடு ஒட்டுகிறது, பிறகுதான் எகரம். காதில் விழுந்த வரிசையில்தானே குழந்தை எழுதியிருக்கிறது! பின்னால் கேட்கும் ஒலிக்கு முன்னால் கொம்பு போடுவது நாம் பழகிக்கொண்ட வழக்கம். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

3 நவம்பர், திங்கள்

காலையில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு போனில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து 'ப' தட்டினேன். அடுத்து 'எ' தட்டியதும் கொம்பு தாவிப்போய் 'ப'வுக்கு முன்னால் நின்றது.

"அப்பா, கொம்பு ஓடிப்போச்சு!"

கெ, தெ, மெ என்று இருபது தடவையாவது தட்டியிருப்பாள். சிலேட்டில் எழுதும்போது இப்போது கொம்புக்கு இடம் விட்டுத்தான் 'ப' போடுகிறாள்.

9 நவம்பர், ஞாயிறு

அம்மா எழுதின மளிகைச் சீட்டில் 'கடலை' இருந்தது. லகரத்தின் தலைமேல் வளைந்த பழைய 'லை'. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் முடித்தவர், கை இன்னும் அப்படித்தான் போகிறது. பாப்பா விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்பத்தா, இதுக்குத் தும்பிக்கை இருக்கு."

"ஆமாடி தங்கம். யானைக்கும் அப்படித்தான் எழுதுவோம்" என்று 'னை'யை அந்தக் காலத்து மாதிரி போட்டுக் காட்டினார்.

சாயங்காலம் அவளே 'யானை' எழுதினாள். இந்தக் காலத்துக் கொம்பு முன்னால் சரியாக நிற்கிறது, 'ன' தலையில் அப்பத்தாவின் தும்பிக்கையும் இருக்கிறது. நான் துணியை எடுத்தேன். அம்மா சிலேட்டை வாங்கி அலமாரி மேல் சாய்த்து வைத்துவிட்டார். நாளைக்கு வேறு சிலேட்டு வாங்கணும்.