இந்தப் பிள்ளைகளுக்கும் மனசு சோர்ந்து போகும்

அண்ணன் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 16. முன்பெல்லாம் தெரு கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணியாகவாவது இருந்தான். கூட ஆடிய பையன்கள் டியூஷன், பைக் என்று போய்விட, இவன் ஜன்னலோடு நின்றுவிட்டான். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது, பிடித்த குத்துப்பாட்டைப் போட்டாலும் எழுந்து ஆடவில்லை.

"இந்தப் பிள்ளைங்க அப்படித்தாங்க" என்றார் ஒரு டாக்டர். எரிச்சலாக இருந்தது. வேறு பையனாக இருந்தால் மனச்சோர்வா என்று பார்த்திருப்பார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம், அதுவும் இதே மாதிரி சோர்வாகத்தான் தெரியும். அதையாவது பார்த்திருக்கலாம். அடுத்த டாக்டர் இரண்டையும் பார்த்தார். தைராய்டு சரி, மனச்சோர்வுதான்.

ஸ்பீச் தெரபி, பிசியோ எல்லாம் அவன் அட்டவணையில் இருந்தன. கூட்டாளி என்று ஒருத்தன் இல்லை. மருந்தோடு இப்போது 'போச்சே' (bocce) என்ற பந்து விளையாட்டு ஆடப் போகிறான். சின்னப் பந்துக்குப் பக்கத்தில் பெரிய பந்தை உருட்ட வேண்டும், அவ்வளவுதான். தோற்றால் அம்பயரிடம் சண்டைக்கு நிற்கிறான். அண்ணிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்!

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் விளையாட்டுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கள் ஊர் மைதானத்துக்குத்தான் இன்னும் தெரியாது போல.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் 'யூனிஃபைட்' முறையும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் இருக்கிறது. அப்படி ஓர் அணி சேர்க்கிறோம். அவன் வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.