பழகிவிட்டது என்று சொன்னேன்

ஜிம்மிக்கு ஹெட் கொலர், அதாவது இழுக்கும் நாயின் தலையைத் திருப்பும் முகப்பட்டி, பழகிவிட்டது என்று நாயை வளர்க்கும் ரீச்சரிடம் நான் சொன்ன பதில் சரிதானா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. திருகோணமலையில், உவர்மலை இறக்கத்தில் நாய் எங்கள் இருவருக்கும் நடுவே, தலையைச் சற்றுத் தாழ்த்தி, கயிறு தொய்ந்திருக்க நடந்து வந்துகொண்டிருந்தது. ரீச்சர் அதையே பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று, "தம்பி, இவன் இதுக்குப் பழகிட்டானா, இல்லாட்டி இனி இழுத்துப் பிரயோசனமில்லையெண்டு விட்டிட்டானா?" என்று கேட்டார். "பழகிட்டான் ரீச்சர்" என்று உடனேயே சொன்னேன். அந்த வேகம்தான் என்னை இப்போதும் உறுத்துகிறது. அவ்வளவு நல்ல கேள்விக்கு அவ்வளவு விரைவாகப் பதில் இருந்திருக்க முடியாது.

என் பக்கத்து நியாயம் விளங்குவதற்கு, அந்த நாய் எந்த நிலையில் என்னிடம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஜிம்மி லப்ரடோர் கலப்பு. எடை 35 கிலோவுக்குக் குறையாது. ரீச்சர் ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர். கோட்டைப் பக்கத்தில் புள்ளிமான்கள் மேய்வது நம் ஊரில் யாருக்கும் புதினமில்லை, ஆனால் நாய்க்கு அது ஒவ்வொரு நாளும் புதினம். ஒரு காலையில் மானைக் கண்டு ஜிம்மி பாய்ந்தபோது, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த ரீச்சர் தரையில் இழுபட்டு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பிறகு நாய் வளவுக்குள் சங்கிலியில்தான் கிடந்தது. கனடாவில் இருக்கும் மகன் நாயை யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னார். ரீச்சர் மறுக்கவே, ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் இந்த ஹெட் கொலரைக் கொடுத்தனுப்பினார். ஆகவே என் முன்னால் இருந்த தெரிவு, கொலரா சுதந்திரமா என்பதாக இருக்கவில்லை. கொலர் போட்டு வீதியில் நடப்பதா, சங்கிலியில் மரத்தடியில் கிடப்பதா என்பதே தெரிவு. இதை நான் எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மிருக சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களில் பலர் ஹெட் கொலரைக் கண்டதும் வாய்ப்பூட்டு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு பட்டி காதுகளுக்குச் சற்றுப் பின்னால் கழுத்தின் மேற்பகுதியைச் சுற்றி நிற்கும். இன்னொரு வளையம் கண்களுக்குக் கீழே மூக்குத்தண்டைச் சுற்றி நிற்கும். கயிறு நாடிக்குக் கீழே பூட்டப்படும். சரியான அளவில் போட்டால் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்னலாம், கடிக்கவும் செய்யலாம். பிரித்தானியாவில் றொஜர் மக்ஃபோர்ட் உருவாக்கிய ஹோல்ரியும், அமெரிக்காவில் மிருக வைத்தியர் ஆர். கே. அண்டர்சன் நாய்ப் பயிற்சியாளர் ரூத் ஃபொஸ்டருடன் சேர்ந்து உருவாக்கிய ஜென்ரில் லீடரும் இந்த வகையின் பெயர்பெற்ற வடிவங்கள். சாதாரணக் கழுத்துப்பட்டியில் நாய் இழுக்கும்போது அதன் மார்பும் தோளும் முழுப் பலத்தையும் கொடுக்கின்றன. இதிலோ, இழுத்த உடனே தலை பக்கவாட்டில் திரும்புகிறது. முகம் பார்க்காத திசைக்கு உடம்பால் பலமாகப் பாய முடியாது. அதனால் முறிந்து பொருந்திய ஒரு மணிக்கட்டுக்கும் இது போதுமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் இந்தக் கயிற்றைச் சுண்டி இழுக்கக் கூடாது, நீளக் கயிற்றோடு சேர்க்கவும் கூடாது: ஓடிவரும் நாயின் தலை சடுதியாகத் திருப்பப்பட்டால் கழுத்துக்கு ஆபத்து.

ரீச்சர் முதன்முதலாக அதைக் கையில் எடுத்தபோது, "இது மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுறமாதிரியெல்லோ தம்பி" என்றார். மூக்கணாங்கயிறு துளைத்துப் போடுவது, வலியால் மாட்டை அடக்குவது. இது தலையைத் திருப்புவது மட்டுமே என்று விளக்கினேன். அந்த விளக்கம் பிழையில்லை. ஆனாலும் நாயின் முகம், அதிலும் மூக்கைச் சுற்றிய பகுதி, தொடுகையை மிகக் கூர்மையாக உணரும் இடம். அங்கே எந்நேரமும் ஒரு நாடா தொட்டுக்கொண்டிருப்பதை நாங்கள் கைக்கடிகாரம் கட்டிப் பழகுவதோடு ஒப்பிட முடியாது என்பதை அன்று அவருக்குச் சொல்லவில்லை. வலியில்லை என்பதற்கும் தொல்லையில்லை என்பதற்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது.

பழக்கும் முறையில் எனக்கு இப்போதும் முழு நம்பிக்கை உண்டு. ஆரம்பத்தில் கொலரை நாய்க்குப் போடுவதே இல்லை. அது கண்ணில் பட்டால் தீனி வரும், மறைத்தால் தீனியும் நின்றுவிடும், அவ்வளவுதான். ரீச்சர் உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சூரை மீனைச் சின்னச் சின்னத் துண்டாக்கி வைத்திருப்பார். அடுத்து, மூக்கு வளையத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்து, மறுபுறத்தில் மீன் துண்டை நீட்ட வேண்டும். வளையத்தை நாயின் முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது; நாயே தன் மூக்கை உள்ளே விட்டு எடுத்துத் தின்ன வேண்டும். இந்த வேறுபாட்டில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. ரீச்சரின் கை அவரை அறியாமலேயே முன்னால் நகரும்போதெல்லாம் நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். ஜிம்மி தயங்கி, மணந்து, பின்வாங்கி, பிறகு தானாகவே மூக்கை உள்ளே விட்டபோது ரீச்சரின் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கும் வந்தது. அதன் பிறகு மூக்கு உள்ளே இருக்கும் நேரத்தைக் கூட்டுவது, பின் பட்டியை ஒரு கணம் பூட்டிக் கழற்றுவது, பூட்டியபடி வளவுக்குள் சில அடிகள் நடப்பது என்று போனோம். நாய் முன்னங்காலால் முகத்தைச் சுரண்டினால் வேகமாகப் போய்விட்டோம் என்று பொருள். ஒரு படி கீழே இறங்க வேண்டும். வளவுக்குள் அது ஒரு தரம்கூடச் சுரண்டவில்லை.

வீதியில் கதை மாறியது. கேற்றைத் தாண்டியதும் ஜிம்மி ஒரு தெருநாயை நோக்கி இழுத்தது, தலை திரும்பியது, அது திகைத்து நின்றது. பிறகு முகத்தைப் புல்லில் தேய்த்தது, காலால் சுரண்டியது. நான் மீனைக் காட்டி அழைத்து, நாலைந்து அடி நடக்கவைத்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்தடுத்த காலைகளில் தேய்ப்பது குறைந்துகொண்டு வந்தது, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அந்த நிற்றலுக்கு நான் பழக்கம் என்று பெயர் வைத்தேன். ரீச்சர் கேட்டது அதே நிற்றலைப் பற்றித்தான்.

அவர் உளவியல் படித்துவிட்டுக் கேட்கவில்லை, பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றதால் கேட்டார் என்று நினைக்கிறேன். அமைதியாக இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் பாடம் விளங்கியதால் அமைதியாக இருப்பதில்லை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு உளவியலில் ஒரு வரலாறே உண்டு, அதுவும் நாய்களை வைத்தே தொடங்கிய வரலாறு. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மயரும் 1967இல் வெளியிட்ட பரிசோதனையில், என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களிற் பல, பின்னர் தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் அப்படியே கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கினார்கள். அதே இருவரும் 2016இல் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள்: நீண்ட துன்பத்தின் முன் முடங்கிப்போவது உயிர்களின் இயல்பான எதிர்வினை, நிலைமை தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் உண்மையில் கற்றுக்கொள்ளப்படுவது. கொடிய மின்னதிர்ச்சியையும் ஒரு துணி நாடாவையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. ஆயினும் அந்தத் திருத்தம் என்னை யோசிக்கவைக்கிறது. வளவுக்குள் நாங்கள் ஜிம்மிக்குக் கற்பித்தது கட்டுப்பாட்டைத்தான்: மூக்கை விடுவதும் எடுப்பதும் அதன் விருப்பம். வீதியில், பட்டியைப் பூட்டிய பிறகு, அந்த விருப்பம் எங்கே போனது?

இதற்கு என்னிடம் பதில் இல்லாமலும் இல்லை. சோர்ந்துபோன நாய் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும்: வால் கீழே தொங்கும், காதுகள் பின்னால் ஒட்டியிருக்கும், வீதியோரத்தை மணக்காது, தீனியை நீட்டினாலும் திரும்பாது. ஜிம்மி மணந்தது, ஒவ்வொரு மதில் மூலையிலும் நின்றது, மீனை ஆசையாக எடுத்தது, வாலும் நடுவில் தளர்வாகவே இருந்தது. வீட்டில் கொலரை எடுத்தால் ஓடிவந்து மூக்கை நீட்டுகிறது. சங்கிலியில் கிடந்த நாட்களில் இருந்த ஓயாத குரைப்பு நின்றுவிட்டது. இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். வேறொருவரின் நாயாக இருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஓடிவருவது மீனுக்காகவா, வீதிக்காகவா, கொலர் தொல்லையில்லை என்பதாலா என்று பிரித்தறிய வழியில்லை. தொல்லையாக இருந்தாலும் வெளியே போகும் ஒரே வழி அதுதான் என்பதால் ஒரு நாய் மூக்கை நீட்டலாம்.

தாழ்ந்த தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய்கள் ஒன்றோடொன்று பேசுவது பெரும்பாலும் முகத்தாலும் தலையின் திசையாலும்தான். எதிரே வரும் நாயைப் பார்க்காமல் முகத்தை வேறு பக்கம் திருப்புவது சண்டை வேண்டாம் என்பதன் அடையாளம். நம் வீதிகளில் நாய்கள் நிறைய. கயிறு இறுகி ஜிம்மியின் தலை நாங்கள் திருப்பிய பக்கம் திரும்பும்போது, அது சொல்ல நினைக்காத ஒன்றை அதன் முகம் சொல்லிவிடுகிறது. அதனால்தான் தெருநாய்களைக் கண்டால் கயிற்றைத் தொய்யவிட்டு வீதியைக் கடந்துவிடும்படி ரீச்சருக்குச் சொன்னேன். மனிதர்கள் வேறு, "கடிக்கிற நாயோ?" என்று கேட்டு ஒதுங்குகிறார்கள். ரீச்சர் ஒவ்வொருவரிடமும் நின்று, இல்லை, இழுக்கிற நாய்தான் என்று பொறுமையாக விளக்குவார்.

மற்றவர்களுக்கு நான் இப்போதும் ஹெட் கொலரைப் பரிந்துரைக்கிறேன். வயதானவர், பலமான நாய் என்ற சேர்க்கைக்கு முன்மார்பில் பூட்டும் உடற்பட்டி பல வேளைகளில் போதாது. ஆனால் எல்லோரிடமும் இதை என்றென்றைக்குமான பட்டியாக நினைக்க வேண்டாம், தொய்ந்த கயிற்றில் நடக்கக் கற்றுத்தரும் இடைக்காலத் துணையாக வைத்திருங்கள் என்று சொல்கிறேன். ரீச்சரிடமும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். கயிற்றின் ஒரு முனையைக் கொலரிலும் மறுமுனையைக் கழுத்துப்பட்டியிலும் பூட்டி, ஆளில்லாத அதிகாலையில், கழுத்துப்பட்டியின் முனையை மட்டும் பிடித்துச் சிறிது தூரம் நடந்து பார்ப்போம். ஜிம்மி அப்போதும் இழுக்காமல் வந்தால் அது உண்மையிலேயே கற்றிருக்கிறது, அன்று கேட்ட கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைக்கும் என்றேன். அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "மான் வந்தா என்ன செய்யிறது தம்பி?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய பயம் நியாயமானது, நான் கேட்டதும் நியாயமானதே. மழை தொடங்கிவிட்டதால் காலை நடை இப்போது வளவைச் சுற்றியே நடக்கிறது. தையில் வீதிகள் காய்ந்ததும், கயிற்றை என் கையில் தரும்படி அவரிடம் கேட்கப்போகிறேன்.