200 ஹெர்ட்ஸில் 4 டெசிபல்

என்னிடம் இருப்பது காதை முழுவதும் மூடும் வகை ஹெட்போன், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கனமான பாஸ் (தாழ்ந்த ஒலி) வேண்டும் என்று கேட்பவர்களுக்காகவே செய்தது. நான் கேட்பதோ பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தில், விழும் ஒவ்வொரு அடியும் வீங்கி, பாடுபவரின் குரல் மேல் வந்து கவிந்துகொள்ளும். மார்கழியில் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், தொப்பி அப்படி ஒலிக்காது. (மைக் செட்காரர் புண்ணியத்தில் சில சபாக்களில் அப்படியும் ஒலிக்கும், அது வேறு வழக்கு.)

புது ஹெட்போன் வாங்குவதற்கு முன், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசரில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க நினைத்தேன். விண்டோஸ் லேப்டாப்பில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளையும், அதைக் கையாள எளிதாக்கும் பீஸ் என்ற துணை மென்பொருளையும் நிறுவினேன். இதில் பாராமெட்ரிக் வசதி உண்டு. எந்த அதிர்வெண்ணில் (ஹெர்ட்ஸ்), எத்தனை டெசிபல் கூட்டுவது அல்லது குறைப்பது, அதைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு என்ற மூன்றையும் நாமே தீர்மானிக்கலாம். அகலத்தைக் குறிப்பது க்யூ மதிப்பு. அது கூடக் கூட ஃபில்டர், அதாவது அப்படிச் செய்யும் ஒரு மாற்றம், குறுகும்.

முதலில் ஆட்டோஈக்யூ என்ற திட்டம் தரும் ஆயத்த அமைப்பைப் போட்டேன். ஆயிரக்கணக்கான ஹெட்போன்களின் அளவீடுகளை வைத்துக் கணக்கிட்ட ஃபில்டர்கள் அதில் கிடைக்கின்றன. பெரும்பாலும், பலருக்குப் பிடித்த ஒலிச் சமநிலை என்று ஆய்வில் கண்ட ஹார்மன் வளைவை இலக்காகக் கொண்டவை. என் மாடலும் இருந்தது. மந்தம் பாதி குறைந்தது, ஆனால் ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தியது. அளவீடு எடுப்பது செயற்கைக் காதில். ஏறத்தாழ 8,000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது காது மடலின் வடிவமும் ஹெட்போன் உட்காரும் விதமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அந்தப் பகுதியில் அடுத்தவர் அளவை அப்படியே நம்ப முடியாது. ஆகவே கீழ்ப்பகுதி ஃபில்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு மேலே உள்ளவற்றை நீக்கிவிட்டேன்.

மேல்பகுதியைக் காதால் தேடினேன். ஒலியளவை நன்றாகக் குறைத்துக்கொண்டு, ஒரே சுரமாக ஒலிக்கும் டோனை 4,000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல உயர்த்தினேன். 7,200 அருகே திடீரென்று கூர்மையாகி, தாண்டியதும் அடங்கியது. அங்கே க்யூ 4 வைத்து 5 டெசிபல் குறைத்ததும் ‘ஸ’ சாதுவாகிவிட்டது. அடுத்து 200 ஹெர்ட்ஸில், க்யூ 1 என்ற அகலத்தில், 4 டெசிபல் குறைத்தேன். தொப்பியின் கும்கி நாதம் வளைந்து எழுவது அப்போதுதான் தனியாகக் கேட்டது. அதற்குப் பின்னால் தம்புரா இருந்ததே அதுவரை தெரியாது. பாஸை ஒரு டெசிபல்கூடக் கூட்டவில்லை; குறைத்தே இவ்வளவும் கிடைத்தது.

கூட்டியே ஆக வேண்டும் என்றால் ப்ரீஆம்பை, அதாவது ஈக்வலைசரில் உள்ள மொத்த ஒலியளவை, அதே அளவு இறக்க வேண்டும். 5 டெசிபல் கூட்டினால் ப்ரீஆம்ப் மைனஸ் 5. இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இன்னொரு காரணமும் உண்டு. சற்றே உரத்து ஒலிப்பதைத்தான் காது ‘நன்றாக இருக்கிறது’ என்று எண்ணிவிடும். அதனால் ஈக்வலைசர் போட்டபோதும் எடுத்தபோதும் ஒரே உரப்பு இருக்கும்படி சரிசெய்துவிட்டு, தங்கையை லேப்டாப் திரைக்கு முன் உட்கார வைத்து, நான் திரும்பிக்கொண்டேன். “இப்போது ஆனா, ஆஃபா, சொல் அண்ணா” என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். 200 ஹெர்ட்ஸ் மாற்றத்தை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். 12,000 ஹெர்ட்ஸில் ஒலி விரிந்து கேட்கும் ‘காற்றோட்டத்துக்காக’க் கூட்டி வைத்திருந்த 1 டெசிபல் எனக்குப் பிடிபடவே இல்லை, எடுத்துவிட்டேன்.

தாம்பரம் மின்சார ரயிலில் இதே அமைப்பு சப்பென்று இருக்கிறது. ரயிலின் உறுமல் தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுகிறது. போனில் வேவ்லெட் என்ற ஈக்வலைசர் செயலியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் கூட்டித் தனி அமைப்பு வைத்திருக்கிறேன். ஒலியளவை ஏற்றுவதைவிட இது மேல். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு; ரயிலில் அதை மீற ஒரு விரல் போதும்.

ஈக்வலைசரால் ஆகாத விஷயம் மூக்குக்கண்ணாடி. அதன் கம்பி காதின் மேல் அமரும் இடத்தில் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே இடுக்கு விழுந்து பாஸ் கசிகிறது. கண்ணாடியைக் கழற்றிக் கேட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மாறிவிடுகிறது, அதனால் அமைப்பு முழுவதையும் கண்ணாடி போட்டே செய்தேன். சென்னை வியர்வையில் செயற்கைத் தோல் மெத்தை வேறு உரியத் தொடங்கிவிட்டது. ரிச்சி தெருவில் துணி மெத்தை ஒரு ஜோடி வாங்கி வந்திருக்கிறேன். துணி வழியாகக் காற்று போகும் என்பதால் பாஸ் இறங்கும். 200 ஹெர்ட்ஸில் குறைத்த 4 டெசிபலில் பாதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்க்க வேண்டும்.