செவ்வாய்க்கிழமையும் ஃபுட்பாலா?

செவ்வாய் ராத்திரி. டிவியில் அமெரிக்காவின் ஒஹாயோ பக்கத்து காலேஜ் ஃபுட்பால்; நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். பாதி கேலரி காலி.

விளம்பர இடைவேளை. சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் மைதானத்துக்குள் வந்து நிற்கிறார். அவர் விலகும்வரை ஆட்டம் தொடங்காது. நவம்பர் குளிரில் பையன்கள் கையை உரசிக்கொண்டு நிற்கிறார்கள், டிவிக்காக!

முன்பெல்லாம் ஒரு அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதற்கே வரம்பு இருந்தது. காலேஜ் விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் கடைசி ஒளிபரப்புத் திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு ஆறே முறை. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தீர்ப்பு சரிதான். ஆனால் இப்படி வாரநாளிலும் ஆட்டம் வர, சனிக்கிழமை ஆட்டத்துக்காக வாரம் முழுக்க ஏங்கிய அந்த ஆசை போய்விட்டது. இப்போது யார் ஜெயித்தார்கள் என்று தேடிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை மிச்சிகன் - ஒஹாயோ ஸ்டேட் காலேஜ் அணிகளின் ஆட்டம். இனி அது ஒன்றைத்தான் பார்க்கப் போகிறேன்.