பத்தாங் பெர்ஜூந்தையிலிருந்து வளிமண்டல வேதியியலுக்கு: நான் போன வழி

வளிமண்டல வேதியியல் ஆய்வாளராக என்ன படிக்க வேண்டும் என்று படிவம் ஆறு பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. டாக்டர், வக்கீல் என்றால் வழி சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். இதற்கு ஆள் குறைவு, அதனால் நான் போன வழியை எழுதி வைக்கிறேன். இந்தத் துறையில் மூளையைக் கசக்கும் நேரத்தைவிட அனுமதிக்காகவும் கருவிக்காகவும் காத்துக் கிடக்கும் நேரம்தான் அதிகம். அந்தக் காத்திருப்பில் தோட்டத்துப் பிள்ளைக்குச் சில வசதிகள் உண்டு.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரின் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜூந்தைதான். பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை வந்த பிறகு பிறந்தவள் நான். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். 2005 ஆகஸ்ட் புகைமூட்டத்தில் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். நாங்கள் கோல சிலாங்கூர் மாவட்டம். அந்த எண்ணை எதை வைத்துப் போடுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போது வந்ததுதான். நுரையீரலின் ஆழம் வரை போகும் பிஎம்2.5 நுண்துகள் அந்தக் கணக்கில் அன்று இல்லவே இல்லை. 2018இல்தான் சேர்த்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

படிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படிவம் ஆறு முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் வேதியியல், இயற்பியல், கணிதம். பிறகு பாங்கியில் உள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம். 'வளிமண்டல வேதியியல்' என்ற பெயரில் பட்டம் தேடாதீர்கள். வேதியியலோ இயற்பியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ, எதில் இருந்தும் உள்ளே வரலாம். கூடவே பைத்தானோ ஆர் மொழியோ கற்றுக்கொள்ளுங்கள். கருவி ஒவ்வொரு நொடியும் ஓர் எண்ணைத் துப்பும், எக்செல் தாங்காது.

என் தலைப்பு கிடைத்தது ஒரு கட்டுரையிலிருந்து. 2008இல் போர்னியோ தீவில் உள்ள சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கு மழைக்காட்டிலும், சபாவிலேயே ஒரு செம்பனைத் தோட்டத்திலும் ஒரு பன்னாட்டுக் குழு காற்றை அளந்து, 2009இல் முடிவை வெளியிட்டது. செம்பனை ஓலை வெயிலில் ஐசோப்ரீன் என்ற வாயுவைக் காட்டைவிடப் பல மடங்கு அதிகமாக விடுகிறது. அது மட்டும் இருந்தால் பெரிய கவலை இல்லை. உரத்திலிருந்தும் ஆலை, வாகனங்களிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடினால், வெயிலில் இரண்டும் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோன் உண்டாகும். மேலே நம்மைக் காக்கும் ஓசோன், கீழே நெஞ்சுக்கும் பயிருக்கும் கேடு. 1995இல் குருட்சன், மொலினா, ரோலண்ட் மூவரும் நோபல் வாங்கியது மேலே உள்ளதற்காக. எனக்கு வேலை கீழே உள்ளதில்.

இங்கே ஒரு வேடிக்கை. ரப்பர் என்பதே ஐசோப்ரீன் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஆனால் ரப்பர் மரத்து இலை காற்றில் விடுவது பெரும்பாலும் மோனோடெர்ப்பீன் என்ற வேறு வகை. பாலே சுரக்காத செம்பனைதான் ஐசோப்ரீனைக் கொட்டுகிறது.

சபா தோட்டங்களைச் சுற்றி நகரம் குறைவு. எங்கள் தோட்டமோ கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் வாகனப் புகைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் இங்கே ஓசோன் எப்படி? இதை ஒரு பக்கத்தில் எழுதிப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். 'உங்களிடம் ஆய்வு செய்ய ஆர்வமாக உள்ளேன்' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. கேள்வியோடு போக வேண்டும். கட்டணத்தை அரசின் மைபிரெய்ன்15 உதவித்தொகை பார்த்துக்கொண்டது, சாப்பாட்டை டியூஷன் பார்த்துக்கொண்டது.

அப்புறம் வந்தது அனுமதிப் படலம். தோட்ட மேனேஜர் நல்லவர், ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம் இல்லை. கடிதம் தலைமையகம் போனது. 'எங்களைப் பற்றித் தப்பாக எழுதுவீர்களா?' என்பதைத்தான் ஒவ்வொரு மேசையிலும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். காப்புறுதி கேட்டார்கள், பாதுகாப்புப் பயிற்சி கேட்டார்கள், முடிவை வெளியிடும் முன் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டுவோம், ஆனால் அவர்களுக்காக மாற்ற மாட்டோம் என்பதைப் பேராசிரியர் அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார். இதை எல்லோரும் செய்யுங்கள். உள்ளே போன பிறகு காரியத்தை நடத்தியவர்கள் தோட்டத்து எழுத்தரான கிராணியும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரும்தான். எந்த நிரையில் எப்போது மருந்தடிப்பு, எங்கே உரம் போட்டு எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் உடனே கிடைக்காது. "மண்டோரண்ணே, அடுத்த வாரம் எந்தப் பக்கம் உரம்?" என்று தமிழில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நைட்ரஜன் கணக்குக்கு அந்தத் தேதி இல்லாமல் என் ஆய்வே இல்லை.

வேலை இப்படி: சுட்டுவிரல் நீளத்தில் ஓர் எஃகுக் குழாய், உள்ளே வாயுவைப் பிடித்து வைக்கும் கார்பன் பொடி. சின்னப் பம்பு அதன் வழியே காற்றை மெதுவாக இழுக்கும். முன்னால் சோடியம் தயோசல்பேட் தோய்த்த வடிகட்டி ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் உள்ள ஓசோன் பிடித்த ஐசோப்ரீனைத் தின்றுவிடும். ஜெனரேட்டர் வைக்க முடியாது, அதன் புகையே நைட்ரஜன் ஆக்சைடு. அதனால் கார் பேட்டரியைத் தூக்கிச் சுமந்தோம். விடியலில் தொடங்கி உச்சி வெயில் தாண்டும்வரை குழாய் மாற்ற வேண்டும். மதியம்தான் மரம் அதிகம் விடும், இரவில் விடவே விடாது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் காப்பாற்றியது. 2015இல் சில வாரங்களுக்கு ஒரு புரோட்டான் பரிமாற்ற நிறை நிறமாலைமானி இரவல் கிடைத்தது. காற்றில் உள்ள பல கரிம வாயுக்களின் மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானை ஒட்டி எடை போடும் பெட்டி அது. ஐசோப்ரீனின் நிறை 68, புரோட்டானோடு 69. கருவி வந்து நிற்கும்போதே புகைமூட்டமும் வந்தது. பள்ளிகளை மூடினார்கள், நாங்கள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தோம். இரவிலும் 69 இறங்கவில்லை. மரம் தூங்கும் நேரத்தில் ஐசோப்ரீன் எங்கிருந்து வரும்? சதுப்பு நிலத்தில் மட்கிக் கிடக்கும் சதுப்புக் கரியும் விறகும் எரியும்போது ஃபியூரான் என்ற பொருள் வரும். அதன் நிறையும் 68. எங்கள் பெட்டிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அதே இரவுகளில் பிடித்த குழாய்களைக் ஆய்வுக்கூடத்தில் சூடேற்றிப் பிரித்துப் பார்த்தோம், வரைபடத்தில் ஐசோப்ரீன் வர வேண்டிய இடத்தில் மேடே இல்லை. புகை நாள்களின் பகல் எண்களில் ஃபியூரான் பங்கைக் கழிக்கும் முறையை எழுதுவதிலேயே ஓர் அத்தியாயம் போனது. வாய்மொழித் தேர்விலும் பாதி நேரம் இதே கேள்விதான். முனைவர் பட்டம் எனக்கு இந்த 69 கொடுத்தது என்றே சொல்வேன்.

பெரியம்மா கொடுத்ததும் ஒன்று உண்டு. "ஆம்பளைப் பூ விரிஞ்சா சோம்பு வாடை வருமே, அதையும் அந்தக் குழாய்ல பிடிச்சியா?" என்று ஒருநாள் கேட்டார். 1981இல் கேமரூனிலிருந்து மகரந்தம் சேர்க்கும் வண்டைக் கொண்டுவந்து விடும் முன்பு, செம்பனைக்குப் பூத்தூள் அடித்த பெண்களில் அவரும் ஒருவர். அந்த வாடை எஸ்ட்ராகோல் என்ற பொருள், வண்டை இழுப்பது அதுதான். சபாவில் அளந்தவர்கள் 2010இலேயே எழுதிவிட்டார்கள். நானும் என் குழாய்களில் தேடினேன், பூ விரிந்த நிரைகளில் நன்றாகவே இருந்தது.

கட்டுரை எழுதப் பழக ஒரு வழி சொல்கிறேன். 'அட்மாஸ்பெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் ஃபிசிக்ஸ்' இதழில் மதிப்பீட்டாளர்கள் சொல்லும் குறைகளும் ஆசிரியர்கள் தரும் பதில்களும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியாகின்றன. கட்டுரையை விட்டுவிட்டு அவற்றைப் படியுங்கள். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம், அதுவும் இலவசம்.

பட்டத்துக்குப் பின்? ஒப்பந்தம், இன்னொரு ஒப்பந்தம். மானியம் வந்தால் வேலை, வராவிட்டால் மறுபடி டியூஷன். இதை மறைத்து யாரையும் இழுக்க எனக்கு மனம் வராது. வீட்டுக் கடன் உங்கள் தலையில் இருந்தால் முதலில் தொழிற்சாலை ஆய்வகமோ அரசு ஆய்வகமோ பாருங்கள், பகுதி நேரத்தில் முதுகலை செய்யலாம். எனக்கு அண்ணன் சம்பளம் இருந்தது.

இப்போது ரப்பரை அளக்க எழுதியிருக்கிறேன், பஹாவ் பக்கம் ஒரு தோட்டத்தில். மானியம் கிடைத்துவிட்டது. கடிதம் தலைமையகத்தில் இருக்கிறது.